மூன்றாம் தரம்

கொலெத்தை விற்றபோது அவளுக்கு வயது நாற்பத்தைந்து நாள். விற்றது பெற்ற தாய். வாங்கியது அந்தோணியார்.

இதைப் படித்துவிட்டு யாரும் போலீசுக்குப் போன் போட வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்தில் நடக்கிற விஷயம்தான். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அந்தோணியார் பீடத்துப் படியில் கிடத்துவார்கள். 'இனிமே இது எங்க பிள்ளை இல்ல, உங்க பிள்ளை' என்று சொல்லிவிட்டு ஒரு பிடி அரிசியை விலையாக வாங்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் சாவு வந்தாலும் கண்ணேறு வந்தாலும் அந்தோணியாரோடு பேசிக்கொள்ள வேண்டியதுதான். சற்று நேரம் கழித்து, கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் அந்தப் பிள்ளையை ஏலம் கூறுவார். தாய்மாமன் ஒரு தொகை சொல்வான். அவனுக்கு மேலே யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று தரம் கூறியதும் பிள்ளை வீட்டுக்கு, காசு உண்டியலுக்கு. மொத்தமே அரை மணி நேர வேலை.

கொலெத்தின் விஷயத்தில் அந்த அரை மணி நேரம் முப்பத்தைந்து வருஷமாகியும் முடியவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷம்தான் காரணம்.

தாய்மாமன் அந்துவான் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். பிரான்சுக்குப் போகக் காகிதமெல்லாம் தயாராகிவிட்ட நேரம், ஆள் தரையிலிருந்து அரையடி மேலே நடந்துகொண்டிருந்தார். கொலெத்தின் அப்பா இஞ்ஞாசி மில் தொழிலாளி. மில்லோ அப்போது பூட்டிக் கிடந்தது. அந்துவான் தொகையைச் சொன்னார். சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்றவரிடம், "மாப்ள கையில இப்ப ஏது, நாமதான பாக்கணும்" என்று ஒரு வார்த்தையும் விட்டார். அது இஞ்ஞாசி காதில் விழுந்தது. மச்சான் கேட்டதைப்போல இரண்டு மடங்கு கேட்டார் இஞ்ஞாசி.

"தாய்மாமன் கேட்டதுக்கு மேல கேக்கற முறை எந்த ஊர்ல இருக்குது?" என்றார் அந்துவான்.

"நான் பெத்த பிள்ளைய நான் கேக்கக் கூடாதா?" என்றார் இஞ்ஞாசி.

ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போனார்கள். அவ்வளவு காசு இரண்டு பேர் வீட்டிலும் கிடையாது. உபதேசியார் பாவம், "ரெண்டாந் தரம்" என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் தரம் கூறவேயில்லை. அந்துவான் கிழக்கு வாசல் வழியாகவும் இஞ்ஞாசி மேற்கு வாசல் வழியாகவும் வெளியேறினார்கள். மழை பிடித்துக்கொண்டது. தாய் மரி-லோர் படியில் அழுதுகொண்டிருந்த பிள்ளையை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எடுத்துக்கொண்டு வந்தாளே ஒழிய, திருப்பி வாங்கவில்லை.

அடுத்த மாதமே அந்துவான் விமானம் ஏறிவிட்டார். கடிதம் இல்லை, போன் இல்லை. மரி-லோர் மனசு கேட்காமல் உபதேசியாரிடம் போனாள். "ஏலக் கேள்விய ஆரம்பிச்சவரு வந்துதாம்மா முடிக்கணும்" என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். பங்குச் சாமியாரிடம் போனாள். "பிள்ளதான் வீட்ல இருக்குதே, அப்பறம் என்னாம்மா?" என்று அவர் சிரித்தார். சிரிக்கிற சாமியார்களை மரி-லோர் நம்புவதில்லை.

ஆகவே கருவடிக்குப்பத்தில் அந்த ஓட்டு வீட்டில் கொலெத் சாமி பிள்ளையாக வளர்ந்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வளர்ந்து பார்த்தால் தெரியும். தம்பி அலெக்சி பாலைக் கொட்டினால் முதுகில் நாலு விழும். அழுது முடித்ததும் அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் கோதிவிடுவாள். கொலெத் பாலைக் கொட்டினால், "வுடு, வுடு, அது சாமி பிள்ள" என்று அம்மா துணியை எடுத்துத் துடைப்பாள். அடியும் கிடையாது, மடியும் கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துப் புழங்குவோமே, அந்த மாதிரி அவளைப் புழங்கினாள் மரி-லோர். ஏழு வயதில் ஒருநாள் கொலெத் வேண்டுமென்றே ஒரு மண்பானையை உடைத்துவிட்டு அம்மா முன்னால் போய் நின்றாள். அம்மா ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினாள். கொலெத்துக்குத்தான் அழுகை வந்தது.

அம்மாவின் வாய்வழியாகவே சாமியும் அவளுக்கு அறிமுகமானார். காய்ச்சல் வந்தால், "கேக்கறாரு, தன் பிள்ளையக் கேக்கறாரு" என்பாள் அம்மா. இரண்டு கல்யாணப் பேச்சு வந்தது. மரி-லோர் ஒளிவுமறைவு இல்லாமல் கதையைச் சொல்ல, இரண்டும் வந்த வழியே போயின. ஆறு வருஷத்துக்கு முன்னால் இஞ்ஞாசி இறந்தபோது, "நாம குடுக்கல, அதான் அவரே எடுத்துக்கினாரு" என்றாள் அம்மா. இப்படிக் கேட்டுக் கேட்டு, கடன் கொடுத்தவன் மாதிரி வாசலில் குடையோடு நின்று பொருளை எப்போது தருவாய் என்று கேட்கிற ஆளாகத்தான் கொலெத்தின் மனசில் கடவுள் இருந்தார். அவள் அவரை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனாள். ஆனால் பூசை முடிந்ததும் முதலில் வெளியே வருகிறவள் அவள்தான்.

எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில். ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறாயா? "எல்லாம் திருப்பி வாங்கின அப்பறம்." மேலே படிக்கிறாயா? "வாங்கின அப்பறம் பாக்கலாம்." தன்னுடைய வாழ்க்கை இன்னும் தன் கைக்கு வரவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள். வராத பொருளை எப்படிச் செலவு செய்வது?

வேலை மட்டும் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில், எடை குறைந்து பிறக்கிற குழந்தைகளின் வார்டில் உதவியாள். பதினோரு வருஷமாகிறது. அங்கே பிறக்கிற குழந்தைக்கு உடனே பெயர் கிடையாது. கையில் ஒரு பட்டை கட்டி, 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாய் பெயரை எழுதுவார்கள். பார்க்க வருகிற சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று முதலில் கேட்பது, "யார் சாடை?" என்றுதான். கோழிக்குஞ்சு மாதிரி கிடக்கும் அதில் என்ன சாடை தெரியும்? இருந்தாலும் மூக்கு தாத்தா, காது அத்தை என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். கொலெத்துக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். அவளை யாரும் அப்படிப் பங்கு போட்டதில்லை.

அந்த வார்டில் ஒரு வழக்கம். தாய் தன் வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்து, துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கங்காரு மாதிரி. மருந்துக்குச் சமமான வேலை அது. தாய்க்கு முடியாவிட்டால் வீட்டார் யாராவது செய்வார்கள். சமீபத்தில் அங்கே பிறந்த, பார்வதி என்ற பெண்ணின் குழந்தைக்கு வீட்டார் என்று இருந்தது அப்பன் ஒருவன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. குழந்தையைத் தொடவே அவன் பயந்தான். பார்வதியோ பிரசவத்தில் ரத்தம் போய், வேறு கட்டடத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொலெத்தே கட்டிக்கொண்டாள். ஒன்றேகால் கிலோ. பதினோரு நாள், டூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து.

பன்னிரண்டாம் நாள் பார்வதியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கொலெத்தின் மார்பில் தூங்குகிற குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ரொம்ப நாள் கழிச்சு வந்துட்டேன். கோச்சுக்காதீங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "எங்கிட்டக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கொலெத்துக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"என்னா பேச்சு இது? நான் என்ன, புடிச்சா வச்சிருக்கேன்? உனக்காகத்தானம்மா வச்சிருக்கேன். வா, கையக் கழுவினு வா."

குழந்தை இடம் மாறியது. பார்வதி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அப்படிப் பயந்துபோய்க் கேட்டது கொலெத்துக்கு இரண்டு நாள் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த வாரம்தான் வார்டு பொறுப்பில் இருந்த கவிநிலா சிஸ்டர் கூப்பிட்டார். தாய்களையும் குழந்தைகளையும் சேர்த்து வைக்க ஒரு தனி அறை திறக்கப்போகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள, பயந்துபோய் வருகிற தாய்க்குக் குழந்தையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க, ஓர் ஆள் வேண்டும்.

"உன் பேரத்தான் குடுத்திருக்கேன்" என்றார் சிஸ்டர்.

"வேணாம் சிஸ்டர். நானே பொறுப்புன்னு வேணாம். என் கைக்கு அது ஆவாது."

"பதினோரு வருஷமா யார் கை பாக்குது?"

"ஒரு வேல பாக்கி இருக்குது சிஸ்டர். அது முடியட்டும்."

என்ன வேலை என்று எப்படிச் சொல்வது? என்னை இன்னும் மீட்கவில்லை, மீட்கப்படாதவள் கையில் பிறத்தியார் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்து, பிள்ளையைக் கேட்கிற சாமி அங்கேயும் வந்து கேட்டுவிட்டால்? சொன்னால் சிஸ்டர் சிரிப்பார். கொலெத்துக்கு அது சிரிப்பாக இல்லை.

அப்போது பார்த்து வந்து இறங்கினார் அந்துவான்.

வெள்ளை ஷூ, கைத்தடி, கூன் விழுந்த முதுகு. சென்ட் மட்டும் பழைய சென்ட். வாசலில் நின்று, "மரி" என்றார். மரி-லோர் உள்ளே போனாள். கதவைச் சாத்தப்போகிறாள் என்று கொலெத் நினைத்தாள். காபியோடு வந்தாள்.

"இஞ்ஞாசி இருக்கும்போதே வந்திருக்கணும்" என்றார் அந்துவான். "எம் பொண்டாட்டி போன வருஷம் போயிட்டா. தனியா உக்காந்து யோசன பண்ணா, நான் போட்ட சண்டைல பாதி எதுக்குன்னே ஞாபகம் இல்ல. இது ஒண்ணுதான் ஞாபகம் இருந்திச்சு."

"எம் பிள்ளைய வாங்கிக் குடுத்துடுண்ணே" என்றாள் மரி-லோர். "எனக்கு எழுவது நெருங்குது. நான் செத்துட்டா இவ யாரு பிள்ள?"

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். மூன்று பேரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

பழைய உபதேசியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இருக்கிறவர் அவர் மகன் சவரிராயன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "பாப்பா எங்க?" என்று கேட்டார். மரி-லோர் கொலெத்தைக் காட்டினாள். சவரிராயன் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"இவங்களா!"

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவருக்கும் ஒரு பயபக்தி வந்துவிட்டது. அப்பா விட்ட குறை அல்லவா? "அப்ப மொதல் தரத்துல இருந்து வரணும்" என்று சட்டம் பேசினார். கைக்குழந்தைகளோடு வந்திருந்த நாலைந்து தாய்மார் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கொலெத் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துக்கொண்டு, பச்சைக் குழந்தைகளைக் கிடத்துகிற அந்தப் படியில் உட்கார்ந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது வெட்கத்தால் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம். மூன்று தரம் முடிந்தால் அவள் ஒரு வீட்டுப் பெண். அம்மாவுக்குப் பிள்ளை.

"அந்தோணியார் பிள்ளை! கேக்கறவங்க கேக்கலாம்!" என்றார் சவரிராயன்.

அந்துவான் தொகையைச் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே தொகை.

"மொதல் தரம்!"

யாரையும் பார்க்க முடியாமல் கொலெத் தலையை உயர்த்தினாள். இத்தனை வருஷமாகக் கோயிலுக்கு வந்தும், கடைசி வரிசையில் நின்றே பழகியவள் அவள். படியிலிருந்து, நேர் கீழே இருந்து, அந்தோணியாரை இப்போதுதான் பார்க்கிறாள். அவர் கையில் பாலன் யேசு. எல்லோருக்கும் தெரிந்த உருவம்தான். கீழேயிருந்து பார்க்கும்போது முகம் தெரியவில்லை, கைதான் தெரிந்தது. குழந்தையின் அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. கழுத்து சாயாமல், மூச்சு முட்டாமல். புதிதாக வருகிற தாய்களுக்கு அவள் காட்டிக்கொடுப்பது இதே பிடிதான்.

பிடித்து வைத்திருக்கிற கை இப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் பார்த்த கண் அது.

அவள் பாலனைப் பார்த்தாள். அதுதான் சாமி. வாசலில் நின்று கேட்கிறவர் என்று அம்மா சொன்ன அதே சாமி, ஒரு மனுஷன் கையில் தன்னைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாய்ந்திருந்தது. இப்படித் தன்னையே கொடுத்துவிட்டு இருக்கிறவரா வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைக் கேட்பார்? அப்பாவை எடுத்துக்கொள்வார்? பார்வதி வாசலில் நின்று பயந்தாளே, அந்தப் பயத்தைத்தான் முப்பத்தைந்து வருஷமாக இவரிடம் பயந்திருக்கிறோம் என்று கொலெத்துக்குப் பட்டது. பார்வதி கேட்டபோது தனக்கு வந்த கோபமும் ஞாபகம் வந்தது. பாவம், இவருக்கு எத்தனை கோபம் வந்திருக்கும்!

"ரெண்டாந் தரம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பசிக்கிற, அழுகிற, யாருமில்லாத எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் தன் கை தானாக நீளுகிறதே, அது யாரிடமிருந்து வந்தது? அம்மா அப்படியில்லை. அப்பாவுக்குக் குழந்தையைத் தூக்கவே தெரியாது. யார் சாடை, யார் சாடை என்று வார்டில் கேட்டதெல்லாம் இப்போது அவளுக்குக் கேட்டது.

"மூணாந்—"

"நிறுத்துங்க" என்றாள் கொலெத். எழுந்துவிட்டாள்.

சவரிராயனின் வாய் திறந்தபடி நின்றது. பரம்பரை ராசி என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"என்னாடி?" என்றாள் மரி-லோர்.

"வேணாம்மா. மாமா, நீங்க வந்ததே போதும். வாங்க வேணாம்."

"ஐயோ, என்னா பேசற நீ? இதுக்குத்தான..."

"அம்மா, கேளு. யாராவது ஒரு பிள்ளைய எங்கிட்டக் குடுத்து வச்சிருந்தா, அவ வந்து கேக்கும்போது நான் வெல சொல்வனா? அவருமட்டும் சொல்வாரா? அவரு என்னப் புடிச்சு வச்சினு இல்லம்மா. தூக்கி வச்சினு இருந்தாரு. நான் அவரு பிள்ளையாவே இருக்கறேன். எனக்கு அது நல்லாத்தான் இருக்குது."

மரி-லோர் படியைப் பார்த்தாள். "மழைல... நான் வாங்காமத் தூக்கினு ஓடியாந்துட்டேன். உன்ன அம்போன்னு வுட்டுட்ட மாதிரி..."

"நீ எங்கம்மா வுட்ட? உன் கையில ரெண்டு தங்கல. மூணாவது தங்கணும்னு நல்லவங்க கையில குடுத்த. அவரு அன்னிக்கே உங்கிட்டக் குடுத்துட்டாரு. நீதான் வாங்கிக்காமயே வச்சினு இருந்த."

மரி-லோர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை ஓங்கி அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"இத சொல்றதுக்கு முப்பத்தஞ்சு வருஷமாடி உனக்கு!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. இன்னொன்றும் விழுந்தது. அப்புறம் மரி-லோர் மகளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மகள் அவளைவிட ஒரு சாண் உயரம், குனிய வேண்டியிருந்தது. அவள் தலையைக் கோதிக்கொண்டே மரி-லோர் ஓவென்று அழுதாள். கொலெத்துக்கு முதுகு எரிந்தது. ஏழு வயதில் பானையை உடைத்துவிட்டுக் காத்திருந்ததெல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்தது.

"அப்ப நான் என்னா பண்றது?" என்றார் அந்துவான், கையில் காசோடு.

"காபி வாங்கிக் குடுங்க மாமா."

"மூணாந் தரம் சொல்லவா, வேணாமா?" என்று சவரிராயன் கேட்டார். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்துவான் அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். "மூக்கு அப்படியே இஞ்ஞாசி. காது எங்கம்மா காது" என்றார். கொலெத் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டூட்டிக்குப் போனதும் அவள் நேராகக் கவிநிலா சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"என்ன, அந்த வேல முடிஞ்சுதா?" என்றார் சிஸ்டர், எழுதுவதை நிறுத்தாமல்.

"முடியல சிஸ்டர். முடிக்க வேணாம்னு வுட்டுட்டேன். அந்த ரூம் சாவியக் குடுங்க."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். புது அறையின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பிள்ள இங்க இருக்குதுன்னாங்க" என்றாள். "தூக்கலாங்களா?"

"வாம்மா" என்றாள் கொலெத். "உனக்காகத்தான் வச்சிருக்கோம்."